இரண்டாவது சரிவு

ஊசி உள்ளே போனபோது சண்டைக்காரி முதுகை ஒருமுறை நெளித்தாள், அவ்வளவுதான். மற்ற நாளாக இருந்தால் காலைத் தூக்கி யாருடைய முழங்காலையாவது பதம் பார்த்திருப்பாள். அதற்காகத்தான் அந்த மாட்டுக்கு அந்தப் பெயரே வந்தது. இன்றைக்கு உதைக்கவும் தெம்பில்லை. இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு மயிரை மழித்து, மருந்து தடவி, மரத்துப்போக ஒரு சின்ன ஊசியும் போட்டுவிட்டு, அதன்பிறகுதான் டாக்டர் அந்த நீள ஊசியை எடுத்திருந்தாள். சிரிஞ்சை மெல்லப் பின்னுக்கு இழுத்தாள். பச்சையாக வரவேண்டிய வயிற்றுத் தண்ணீர் கழுநீர் நிறத்தில் வந்தது. நாலைந்து மில்லிதான் இருக்கும். அதற்குள் புளித்த நெடி கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது.

சிஸ்டர் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். பெரியாஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பால் வண்டிக்காரர் முதல் பக்கத்து வீட்டுக் குழந்தை வரைக்கும் அதே பெயர். வீட்டுக்காரரே வேடிக்கையாக அப்படித்தான் கூப்பிடுவார். ஊசியும் சிரிஞ்சும் அவளுக்குப் பழகியவை. டாக்டர் அந்தத் தண்ணீரைச் சின்னக் குப்பியில் விட்டு, பேனா மாதிரி இருந்த கருவியின் முனையை அதில் முக்கியபோது, மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு காத்திருந்தாள். ஆறு, ஆறரை என்று காட்டினால் மாட்டு வயிறு நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். ஐந்தரைக்குக் கீழே போனால் உள்ளே அமிலம் ஏறிவிட்டது, தீனியைச் செரிக்கவைக்கிற நல்ல கிருமிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

“அஞ்சு புள்ளி ஒண்ணு” என்றாள் டாக்டர்.

எட்டுக் கறவை மாட்டில் ஐந்து அப்படித்தான் இருந்தன. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்தபோது ஒன்றுமே இல்லை, எல்லாம் ஆறுக்கு மேலே. அதற்கு முந்தின தடவை நாலு மாடு மோசம். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இரண்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலில் கொழுப்புக் குறைந்துவிட்டது. சாணி நுரைத்துக்கொண்டு தண்ணியாகப் போனது. அதில் மக்காச்சோளக் குருணை அரைபடாமல் அப்படியே கிடந்தது. மாடுகள் குளம்பு வலியில், சூடான தரையில் நிற்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைத்தன. போன மாசம் பெரியவள் என்ற மூத்த மாடு ஒரு நாள் காலையில் படுத்தது படுத்ததுதான். எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை.

“ஐயா, அடர்தீவனம் எவ்வளவு வெக்கிறீங்க?” டாக்டர் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாள். சின்னப் பெண்தான், வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் இருக்கும். ஆனால் கேட்பதைக் கேட்டே தீருவாள்.

மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்திருந்த சிஸ்டரின் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். “ஒரு மாட்டுக்கு வேளைக்கு மூணு கிலோ, டாக்டர். காலையில அஞ்சு மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு. தராசுல நிறுத்துத்தான் போடுறேன். முப்பது வருஷமா ஒரு பிடி கூடினதும் இல்ல, ஒரு பிடி குறைஞ்சதும் இல்ல.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அளவு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கல்யாணமான புதிதில் காபிக்குச் சர்க்கரை போடுவதைக்கூட நின்று பார்ப்பார். “ஒண்ணேகால் ஸ்பூன், சிஸ்டர். ஒண்ணரை ஆகக் கூடாது” என்பார். அவள் வேண்டுமென்றே ஒரு நாள் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்து, அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தது உண்டு.

“மூணு கிலோ வெச்சா இப்படி வராது ஐயா. யாரோ அதிகமா வெக்கிறாங்க, இல்லன்னா சோளத்தட்டையும் புல்லும் குறையுது.”

“அவன்தான்” என்றார் அவர். “போனவன் சும்மா போகல. நான் இல்லாத நேரம் பாத்து வேலிப் பக்கமா வந்து எதையோ செஞ்சிட்டுப் போறான்.”

அவன் என்று அவர் சொன்னது நெட்டையை. பதினோரு வருஷம் இந்தக் கொட்டகையில் வேலை பார்த்தவன். நாற்பது வயசு இருக்கும். ஆள் உயரத்துக்குக் கொட்டகைக் கூரையே தாழ்வு என்பதால் எப்போதும் கழுத்தைச் சாய்த்தபடிதான் நடப்பான். போன மாசம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் லீவு போட்டுப் போனான். அந்தப் பத்து நாளில்தான் மாடுகள் ரொம்ப மோசமாயின. திரும்பி வந்த மறுநாளே இவர் அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். காலை ஏழு மணிக்கு, தீவனத் தொட்டிக்குள் கைவிட்டு எதையோ வாளியில் அள்ளிக்கொண்டிருந்தானாம். தீவனத்தைத் திருடுகிறான், அது தெரியாமலிருக்க வேறு எதையோ கலக்கிறான் என்று ஊரே கேட்கும்படி கத்தினார். அதே நாள்தான் பெரியவள் செத்தது. சிஸ்டருக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது. கணக்கை முடித்து அவனை அனுப்பியதே அவள்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன், “சிஸ்டர், ஐயா காலையில சில நேரம்...” என்று ஆரம்பித்தான்.

“ஐயாவப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று கதவைச் சாத்திவிட்டாள்.

இப்போது வாலைப் பிடித்தபடி நின்றவளுக்கு அந்த அரை வாக்கியம் நினைவுக்கு வந்தது. வந்ததும் அதை ஒதுக்கித் தள்ளினாள். ஒதுக்குவதற்கு அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பழக்கம் கூடியிருந்தது.

டாக்டர் ஒரு யோசனை சொன்னாள். அவள் படித்த கல்லூரியில் ஒரு கருவி இருக்கிறதாம். பெரிய மாத்திரை மாதிரி இருக்கும், மாட்டின் தொண்டை வழியாக உள்ளே இறக்கிவிட்டால் வயிற்றிலேயே தங்கிக்கொண்டு, கால் மணிக்கு ஒருமுறை அமிலம் எவ்வளவு என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். கொட்டகைச் சுவரில் ஒரு பெட்டியை மாட்டினால் அதில் எல்லாம் பதிவாகும். ரெண்டு மாட்டுக்குப் போட்டு, பத்து நாள் பார்த்தால் எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

“போடுங்க டாக்டர்!” அவருக்கு ஒரே உற்சாகம். “மாடு பொய் சொல்லாது. எவன்னு தெரிஞ்சிடட்டும்.”

சிஸ்டர் பிடித்திருந்த வாலைச் சட்டென்று விட்டாள். ஏன் என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

பத்து நாளும் வழக்கம்போலவே போயின. காலை நாலரைக்கு இருவரும் எழுந்திருப்பார்கள். அவர் கறவை மெஷினை மாட்டிவிட்டு, ஐந்து மணிக்குத் தீவனம் வைப்பார். நெட்டை போனபின் கொட்டகை கழுவுவதும் அவர் வேலை ஆகிவிட்டது. ஆறரைக்குப் பால் கேன்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு சிஸ்டர் தெருமுனைக்குப் போவாள். பால் வண்டி வந்து, கொழுப்பு பார்த்து, அளந்து, நாலு பேரோடு நாலு வார்த்தை பேசித் திரும்புவதற்கு ஏழேகால் ஆகும். அப்புறம் சமையல். ஒரு நாள் அவள் திரும்பி வந்தபோது அவர் கண்ணாடி முன்னால் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தார். காலையில் எழுந்ததும் செய்ததைத் திரும்பவும் செய்துகொண்டிருந்தார். கன்னம் சிவந்து, தாடையில் ரெண்டு இடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. “பிளேடு சரியில்ல” என்றார். அவளும் “நாளைக்கு வேற வாங்கிடலாம்” என்று சொல்லி, பஞ்சில் மருந்து நனைத்து ஒற்றிவிட்டாள்.

வார்டில் இருந்த காலத்தில் அவள் எத்தனை குடும்பங்களைப் பார்த்திருக்கிறாள்! வயதானவரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டால், “போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு சிஸ்டர்” என்பார்கள். அவள் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்வாள். போன வாரமாவது, ரெண்டு வருஷம் இருக்கும், பக்கத்திலேயே இருந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று டீ குடிக்கும்போது மற்ற நர்ஸுகளிடம் சொல்லுவாள். கொஞ்சம் இளக்காரமாகவே சொல்லுவாள்.

பதினோராம் நாள் டாக்டர் வந்தாள். அவர் அந்த நேரம் பின்பக்கம் புல் வெட்டும் மெஷினில் இருந்தார். அதன் இரைச்சல் சமையலறை வரைக்கும் கேட்டது. டாக்டர் பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள், ஆனால் விரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம்...”

“குடுங்க. நானே பாக்குறேன்.”

காகிதத்தின் அடியில் மணி, பக்கத்தில் எண். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் ஜுரச் சார்ட்டை முப்பத்தொரு வருஷம் படித்தவளுக்கு இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு கோடு. மேலே ஆறரையில் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு காலை ஐந்து மணிக்கு மேல் மெல்லச் சரிகிறது. ஆறு வரைக்கும் இறங்கி, அங்கே கொஞ்சம் நின்று, மாடு அசைபோட அசைபோட ஏறிவருகிறது. சாயங்காலம் நாலுக்கு மேல் அதே மாதிரி இன்னொரு சரிவு, இன்னொரு ஏற்றம். முதல் நாள் அப்படித்தான். ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் காலையில் கோடு சரிந்து, ஏறுவதற்கு முன்னாலேயே, ஏழு மணிக்கு மறுபடியும் சரிந்தது. ஆறைத் தாண்டி, ஐந்தரையைத் தாண்டிக் கீழே போய், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. ரெண்டு மாட்டுக்கும் ஒரே மாதிரி. ஆறாம் நாள் மறுபடி. எட்டாம் நாள். பத்தாம் நாள்.

எட்டாம் நாள்தான் அவர் ரெண்டாம் தடவை ஷேவ் செய்தது.

ஏழு மணி. அவள் தெருமுனையில் பால் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரம். கொட்டகையைக் கழுவி முடித்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்திருப்பார். மாடுகள் தின்று நக்கி வைத்த தொட்டி காலியாக இருந்திருக்கும். ஐயையோ, இன்னும் வைக்கவில்லையே என்று பதறியிருப்பார். தராசை எடுத்து, ஒரு பிடி கூடாமல் குறையாமல், மாட்டுக்கு மூன்று கிலோ நிறுத்திருப்பார்.

“இந்த வீட்டுல இப்ப ரெண்டே பேருதான் டாக்டர்” என்றாள் சிஸ்டர். குரல் வார்டில் பேசுகிற குரலாக வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டாக்டருக்குக் கண் கலங்கியிருந்தது. மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு செய்தியைச் சுமந்து வருவோம் என்று பாவம் அந்தப் பெண் நினைத்திருக்க மாட்டாள்.

பின்பக்கத்தில் மெஷின் நின்றது. அவர் கையைக் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்தபடியே உள்ளே வந்தார். “வந்துட்டீங்களா டாக்டர்! என்ன, ஆளு மாட்டினானா?”

யாரும் பதில் சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காகிதங்களைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு தாளாக, விரலை வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பார்த்தார். மாடு சம்பந்தப்பட்ட எதையும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாம் நாள் தாளில் விரல் நின்றது.

“இது என் தீவனம்” என்றார், ஐந்து மணிச் சரிவைத் தொட்டு. அடுத்ததைத் தொட்டார். “இது யாரோ மறுபடியும் வெச்சது. ஏழு மணிக்கு. அதே அளவு.” கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்நியன் வெச்சா இந்த அளவு வராது. வெளியாளு அள்ளிக் கொட்டிட்டு ஓடுவான். இது அளவு தெரிஞ்ச ஆளு. வீட்டு ஆளு.”

தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் இத்தனை தெளிவாக இருந்து அவள் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அந்தத் தெளிவு இன்னும் ஒரே ஒரு அடி வைத்தால் போதும், எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் நெற்றி சுருங்கியது. ஏதோ ஒன்று அவருக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி, விரல் மறுபடி அந்த ஏழு மணிச் சரிவைத் தேடியது.

“ஏழு மணிக்கு...” என்றார். “ஏழு மணிக்கு நான்...”

“நான்தாங்க” என்றாள் சிஸ்டர்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தாள்.

“நான்தான் வெச்சேன். பால் குடுத்துட்டு வந்து பாப்பேன், தொட்டி காலியா இருக்கும். நீங்க வெக்கலன்னு நினைச்சு வெச்சிருக்கேன். வெச்சது ஞாபகமே இல்ல எனக்கு. இப்ப இதைப் பாத்ததும்தான்...”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். பெரியவளை அவர் கன்றுக்குட்டியிலிருந்து வளர்த்தவர், அது செத்த அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கத்தட்டும் என்று காத்திருந்தாள். அவர் கத்தவில்லை. மேஜையின் மேலிருந்த அவள் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

“எத்தன நாளா இப்படி?” என்று கேட்டார்.

அவள் தன் கையை மூடியிருந்த அவர் கைகளையே பார்த்தாள்.

“பயப்படாத. வயசானா வர்றதுதான். எனக்கும்தான் அப்பப்ப ஒண்ணு ரெண்டு மறக்குது.” டாக்டர் பக்கம் திரும்பினார். “இவள யாருகிட்டயாவது காட்டணும் டாக்டர். வாழ்க்கை பூரா மத்தவங்களுக்கு மருந்து குடுத்தவ. தனக்குன்னு ஒண்ணும் பாத்துக்க மாட்டா. நான்தான் கூட்டிட்டுப் போகணும்.”

டாக்டர் எழுந்து, சண்டைக்காரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கொட்டகைப் பக்கம் போனாள். போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அன்றைக்கே அவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் சிஸ்டர் தனியாகக் கொட்டகைக்குள் போகக் கூடாது. தீவனம் வைக்கும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் வைக்க வேண்டும். தீவன அறைக்குப் பூட்டு போட்டார். சாவியை அவரே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அரைமணி கழித்து அதை மேஜையில் வைத்துவிட்டு மறந்துபோனார். அவள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பால் கேனை இனி பக்கத்து வீட்டுக்காரரே தன் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடாயிற்று. டாக்டர் சொன்னபடி சோளத்தட்டையை முதலில் போட்டு, அது தின்ற பிறகு தீவனம் என்று மாற்றினார்கள். அமிலத்தை அடக்கச் சோடா உப்பும் கலந்தார்கள். ஒரு வாரத்தில் சாணி கெட்டிப்பட்டது. பெட்டியில் பதிவான கோட்டில் ஏழு மணிச் சரிவு அப்புறம் வரவே இல்லை. சண்டைக்காரி பக்கத்து மாட்டை ஒரு முட்டு முட்டினாள். “உயிர் வந்துடுச்சு கழுதைக்கு” என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். கல்யாணமாகித் தூரதேசத்தில் இருப்பவள். முதலில் அப்பாவோடு பேசினாள். சிஸ்டர் போனை வாங்கியபோது அந்தப் பக்கம் அழுகை. “அம்மா, அப்பா என்னென்னமோ சொல்றாரும்மா. உனக்கு மறதின்னு... மாட்டுக்கு ரெண்டு தடவை வெச்சுட்டன்னு... ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

அவர் எதிரிலேயே உட்கார்ந்து, தைரியமாகப் பேசு என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா சொல்றத இப்போதைக்கு அப்படியே வெச்சுக்கோம்மா” என்றாள் சிஸ்டர். “நீ வரும்போது பேசிக்கலாம்.”

போனை வைத்ததும் அவர் சொன்னார்: “இன்னொண்ணு இருக்கு. அந்த நெட்டைப் பய பாவம். நீ செஞ்சதுக்கு அவன் மேல பழியப் போட்டு அனுப்பிட்டோம். நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீ போய் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா. நேர்ல போய்க் கேளு, அதுதான் முறை.”

பக்கத்து வீட்டுக்காரரை அவரோடு உட்காரச் சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். நெட்டை ரெண்டு ஊர் தள்ளி ஒரு மரக்கடையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தான். அங்கே கூரை உயரம். அவன் கழுத்து நேராக நின்றது. அவளைப் பார்த்ததும் மரத்தூளைத் தட்டிவிட்டு ஓடிவந்தான்.

“ஐயா நல்லா இருக்காரா சிஸ்டர்?”

அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. அவள் பஸ்ஸில் கோர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளெல்லாம் அதிலேயே சிதறிப்போயின.

“உனக்கு எப்பருந்து தெரியும்?”

அவன் ஒரு பலகைக் கட்டின் மேல் துண்டை விரித்து அவளை உட்காரச் சொன்னான். “ஒரு வருஷம் இருக்கும். மொதல்ல எப்பவாவது ஒரு நாள். அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. நீங்க பால் குடுக்கப் போனதும் ரெண்டாம் தடவை வெப்பாரு. அவரு அந்தப் பக்கம் திரும்பினதும் நான் அள்ளிடுவேன். மாடு வாய் வெக்கிறதுக்குள்ள பாதிக்கு மேல அள்ளிடலாம். சில நாள் முடியாது.”

“லீவுல போன பத்து நாளு...”

“அதான் சிஸ்டர். போகும்போதே பயந்துகிட்டேதான் போனேன்.”

பெரியவளின் வயிறு உப்பிக் கிடந்தது அவள் கண்முன் வந்தது. தொட்டியில் கைவிட்டு அள்ளிக்கொண்டிருந்தவனைத் திருடன் என்றதும், அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வாளியைக் கீழே வைத்ததும் வந்தது. “ஒரு வருஷம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா. நான் நர்ஸுதானே.”

“நீங்க நர்ஸு, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன் சிஸ்டர்.” அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. “தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்க, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவரும் மானஸ்தன். அளவு தப்பிடுச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சுடுவாரு.”

அவள் அழுதாள். மரக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள் என்றும் யோசிக்கவில்லை. அழுது முடித்து, வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதையும், அவரே மன்னிப்புக் கேட்க அனுப்பியதையும் சொன்னபோது நெட்டை முதலில் சிரித்துவிட்டான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தூளைக் காலால் கிளறினான்.

“திரும்பி வர்றியாப்பா?”

“இங்க முதலாளிகிட்ட சொல்லாம வேலைய விட முடியாது சிஸ்டர். பாக்குறேன்.” கொஞ்சம் பொறுத்து, “அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ல? என்னைக்குன்னு சொல்லுங்க. அன்னைக்கு வந்து மாட்டப் பாத்துக்குறேன்” என்றான்.

சொன்னபடியே வந்தான். புதன்கிழமை காலை, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தவனை அவர் தோளில் தட்டினார். “எதையும் மனசுல வெச்சுக்காதடா. இவளுக்குத்தான் மறதி. வேணும்னு செய்யல. இன்னைக்கு டாக்டர்கிட்ட காட்டப் போறோம்.”

மாட்டின் முதுகுக்கு மேலாக நெட்டை சிஸ்டரைப் பார்த்தான். “சரிங்க ஐயா” என்றான். “பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.”

பெரிய நகரத்து ஆஸ்பத்திரி அது. அவளை அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேண்டுமென்றேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ரெண்டு நாள் முன்னாலேயே போனில் எல்லாம் சொல்லி, அவர் பெயரில் பதிவு செய்திருந்தாள். சலவைச் சட்டை போட்டு, ஃபைலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர் வழியெல்லாம் அவளை நடத்திக்கொண்டு வந்தார். படிக்கட்டில் “பாத்து, பாத்து” என்றார். லிஃப்டில் கூட்டம் இடிக்காமல் ஓரமாக நிறுத்தினார். நீளமான காத்திருப்பு அறையில், இரும்பு பெஞ்சில், அவள் வாழ்நாளில் முதல் தடவையாக உறவுக்காரர்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: “முப்பத்தொரு வருஷம் நர்ஸுங்க. நல்ல மூளைக்காரி. மாட்டுக்கு வெச்சத மறந்துட்டு மறுபடி வெச்சுடுறா. நான்தான் கூடவே இருந்து பாத்துக்குறேன்.” அந்த அம்மா சிஸ்டரைப் பரிதாபமாகப் பார்த்தாள். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கைப்பை அவர் மடியில், ரெண்டு கையாலும் பிடித்தபடி இருந்தது.

கதவு திறந்தது. வெள்ளை உடை போட்ட ஒரு சின்ன நர்ஸ் தாளைப் பார்த்து அவருடைய பெயரைச் சத்தமாக வாசித்தாள்.

அவர் அசையவில்லை. வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் இன்னொரு தடவை வாசித்தாள். அவர் முழங்கையால் சிஸ்டரை மெல்ல இடித்தார்.

“உன்னத்தான் கூப்பிடுறாங்க, எழுந்திரு.”

அவள் எழுந்தாள். வாசலில் நின்ற அந்தப் பெண் தாளையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிஸ்டர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே, ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று ஒரு சைகை செய்தாள். அந்தப் பெண் புரிந்துகொண்டு ஒதுங்கி வழிவிட்டாள். அவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியின் முழங்கையைப் பிடித்தார். வழவழவென்று துடைத்து விட்டிருந்த அந்த நீளத் தரையில், அவள் வழுக்கி விழுந்துவிடாதபடி, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.